கறை பிடிக்காத துணிகள்

தெல்லிப்பழை
24 மார்ச் 2024

அன்புள்ள ஷரோனுக்கு,

நிவேதனாவுக்கு நான் நாட்டு மருந்து பருக்கினேன் என்று ஊரில் சொல்லித் திரிவது பொய். வசம்பு உரைத்து நாக்கில் தடவவில்லை. ஓமத் தண்ணீர் கொடுக்கவில்லை. பார்மசியில் விற்கும் வயிற்றுக்குத்து மருந்துப் போத்தல் ஒன்றுகூட என் வீட்டுப் படி ஏறியதில்லை. உன் பாலைத் தவிர வேறொரு துளி அந்தக் குழந்தையின் நாக்கில் படவில்லை. இதை யாகப்புவின் மனைவிக்குக் கோயில் வாசலில் வைத்து நாலு பேர் கேட்கத்தக்கதாகச் சொல்லிவிட்டேன். "ஐயோ மிஸிஸ் எட்வேர்ட், நான் கேள்விப்பட்டதைத்தான் சொன்னனான்" என்றாள். கேள்விப்பட்டதைச் சொல்ல ஒரு கிளி போதுமே, நீ எதற்கு என்று கேட்டேன்.

நான் உன்னை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் மறித்தேன் என்பது இரண்டாவது பொய். கனடாவில் இருக்கும் உன் மச்சாள்மார் வாட்ஸ்அப்பில் இதைக் குரல் பதிவாக அனுப்பி, அது சுற்றிச் சுற்றி எனக்கே வந்து சேர்ந்தது. பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் வருவது வழமை, தானாக இறங்கும் என்று நான் சொன்னது உண்மை. அப்படிச் சொல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் இருந்தால் எனக்குக் காட்டட்டும்.

உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் தலைப்பிள்ளைக்கு நீ அவளிடம் போயிருப்பாய். என் தங்கை இல்லாதபடியால் என்னிடம் வந்தாய். வயிற்றை வெட்டி எடுத்த பிள்ளை. நீ குனியக் கூடாது. அறுபது நாளும் துணி மாற்றியது நான், தோய்த்தது நான். பம்பேர்ஸ் கட்டி அந்தச் சின்னத் தொடையை அவிக்க நான் விடவில்லை. இருபத்துநான்கு பருத்தித் துணிகள். காலையில் என் கொடியைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், மிஸிஸ் எட்வேர்ட், இதுக்கு என்ன போடுறனீங்கள் என்று. சவர்க்காரமும் வெயிலும் தவிர வேறொன்றுமில்லை. உன் மாமியார் வீட்டில் முதல் நாளே பம்பேர்ஸ் கட்டினார்களாம். நல்லது.

பத்தாம் திகதி தேநீர்கூடக் குடிக்காமல் அளவெட்டிக்கு, மாமியார் வீட்டுக்குப் போனாய். பன்னிரண்டாம் திகதி பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று அயலார் சொல்லித்தான் தெரியும். இப்போது கொழும்பு என்கிறார்கள். என் தொலைபேசி எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். எனக்கும் வலது காது கேட்பதில்லை, ஆகவே அதில் எனக்குப் பெரிய நட்டமில்லை. இந்த விலாசத்தை உன் மாமனார் தம்பிராசா தந்தார். அவர் மரியாதை தெரிந்த மனிதர்.

பிள்ளைக்கு என்ன வருத்தம்? எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
பெரியம்மா

*

கொழும்பு
31 மார்ச் 2024

பெரியம்மா,

நீங்கள் மருந்து குடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். நான் ஒருத்தருக்கும் அப்பிடிச் சொல்லேல்லை. எனக்கு இப்ப ஊர்க்கதை கேக்க நேரமில்லை.

பிள்ளைக்குப் பித்தக் குழாய் இல்லை. டொக்டர் சண்முகநாதன் கடதாசியிலை கீறிக் காட்டினவர். ஈரலிலை ஊறுற பித்தம் ஒரு சின்னக் குழாயாலை குடலுக்கு இறங்கவேணுமாம். எங்கடை பிள்ளைக்கு அந்தக் குழாய் அடைபட்டு, சுருங்கி, நூல் மாதிரிப் போயிட்டுது. இறங்க வழியில்லாத பித்தம் ஈரலுக்குள்ளையே நிண்டு அதை அரிக்குது. கண் மஞ்சள் அதாலைதான். சாதாரண மஞ்சள் எண்டால் ரெண்டு கிழமையிலை போயிடுமாம். அதுக்கு மேலை நிண்டால் ரத்தம் சோதிக்கவேணுமாம். எனக்கு ஆர் சொன்னது?

அளவெட்டிக்குப் போன அண்டு சிவகௌரி மாமிதான் முதலிலை பாத்தவ. பம்பேர்ஸைத் திறந்துபோட்டு, "என்ன பிள்ளை இது, சுண்ணாம்புக் களி மாதிரி? எங்கடை மாட்டுப் பட்டியிலை நிக்கிற கண்டுகூட உப்பிடிப் போகாதே" எண்டா. நான் சிரிச்சனான் பெரியம்மா. பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சனான். அவ சிரிக்கேல்லை. அடுத்த நாள் அதைப் பொலித்தீன் பையிலை சுத்திக்கொண்டு எங்களோடை வாகனத்திலை ஏறிட்டா. ஆஸ்பத்திரியிலை அதைப் பாத்த உடனை டொக்டரின்ரை முகம் மாறினதை நான் கண்டனான்.

பித்தம்தான் மலத்துக்கு மஞ்சள் நிறம் குடுக்கிறது. பித்தம் இறங்காட்டி மலம் வெளிறிப் போகும். இறங்காத பித்தம் ரத்தத்திலை கலந்து மூத்திரத்தோடை போகும், அதாலை சலம் கடும் மஞ்சளாய்ப் போகும். கைப்பிள்ளையின்ரை சலம் தண்ணி மாதிரி இருக்கவேணுமாம், துணியிலை கறை விழக்கூடாதாம். மலம்தான் கறை போடவேணுமாம்.

வெள்ளிக்கிழமை ஒப்பரேசன். குடலை வெட்டி எடுத்து நேரை ஈரலோடை பொருத்தப் போகினம். அறுபது நாளுக்கு முதல் செய்தால் பித்தம் இறங்க வாய்ப்புக் கூடவாம். பிள்ளைக்கு அண்டைக்குத் தொண்ணூறு நாள்.

டொக்டர் என்னைக் கேட்டவர்: "மலம் பிறந்ததிலையிருந்தே வெள்ளையோ, இல்லாட்டி இடையிலை மாறினதோ? எந்தக் கிழமை மாறினது?" ஒப்பரேசனை அது மாத்தாதாம், ஆனால் பதிவிலை எழுதவேணுமாம். அறுபது நாளிலை நான் நாலைஞ்சு துணிதான் மாத்தியிருப்பன். மிச்சமெல்லாம் நீங்கள் வாளியோடை தூக்கிக்கொண்டு போயிடுவியள். ஒரு தாய்க்குத் தன்ரை பிள்ளையின்ரை மலத்தின்ரை நிறம் தெரியாது எண்டு அந்த மனிசன் நினைச்சிருப்பார்.

நீங்கள்தான் சொல்லவேணும். எப்ப மாறினது? எழுதி அனுப்புங்கோ, நான் அவரிட்டைக் காட்டவேணும்.

ஷரோன்

*

தெல்லிப்பழை
8 ஏப்ரல் 2024

அன்புள்ள ஷரோனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பேசுவது போலவே எழுதுகிறாய். பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடம் போன பிள்ளை நீ.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து பதினொரு மணிவரை முழந்தாளில் இருந்தேன். ஒப்பரேசன் எப்படி முடிந்தது என்று தம்பிராசாவுக்கு ஆளனுப்பிக் கேட்டேன். முடிந்தது, கண் விழித்துவிட்டாள் என்று சொல்லியனுப்பினார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

நீ கேட்ட விஷயம் எனக்கு ஞாபகம் இல்லை. எழுபத்தெட்டு வயதில் ஒரு குழந்தையின் துணி எந்தக் கிழமை என்ன நிறம் என்று மனதில் வைத்திருக்க முடியாது. குழந்தையின் மலம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகத்தான் இருக்கும். வைத்தியருக்கு அப்படியே சொல்.

இரண்டு கைவைத்த சட்டை தைத்து இத்துடன் அனுப்புகிறேன். முன்பக்கம் திறக்கும்படி தைத்திருக்கிறேன், தையல் போட்ட இடத்தில் உரசாது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
பெரியம்மா

*

கொழும்பு
3 மே 2024

பெரியம்மா,

சட்டை அளவு. போட்டு விட்டனான். நன்றி.

ஒப்பரேசன் செய்து நாலு கிழமை. பித்தம் இறங்கினால் மலம் பச்சையாய், பிறகு மஞ்சளாய் வரும் எண்டு சொன்னவை. ஒவ்வொரு முறையும் துணியைத் தூக்கிக்கொண்டு யன்னலடிக்கு ஓடி வெளிச்சத்திலை பிடிச்சுப் பாக்கிறன். ஒரு பொட்டுக் கறை தெரியாதோ எண்டு. ஒரு நாள் கொஞ்சம் பச்சை மாதிரி இருந்தது. நேர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினன். அவ என்ரை முதுகைத் தடவிப்போட்டுப் போயிட்டா. அடுத்த நாள் திரும்பவும் வெள்ளை.

பக்கத்துக் கட்டிலிலை முல்லைத்தீவுப் பிள்ளை ஒண்டு. ஆறு கிழமை. பால் குடிச்ச உடனை சுவரிலை போய் அடிக்கிற மாதிரிச் சத்தி எடுக்கும், எடுத்துப்போட்டு திரும்பவும் பசியிலை கத்தும். இரைப்பையின்ரை வாசல் தடிச்சுப் போச்சாம். வெட்டிவிட்டவை, நாலாம் நாள் குடிச்ச பால் நிண்டுது, வீட்டை போயிட்டினம். அதுக்கு அடுத்ததாய் வந்த பெடிச்சிக்குக் குடலுக்குள்ளை குடல் போய் ரத்தமும் சளியுமாய்ப் போனது. அந்தத் தாய் உடனை தூக்கிக்கொண்டு வந்தபடியாலை வெட்டாமலே சரியாக்கிப்போட்டினம். எல்லாரும் வருகினம், போகினம். எங்கடை கட்டில்தான் அப்பிடியே கிடக்குது. ரத்தத்தைக் கண்டால் ஆரும் ஓடி வருவினம். வெள்ளையைக் கண்டு ஆர் பயப்பிடுறது?

மாமி நேற்று வந்தவ. அவதான் கண்டுபிடிச்சவ, அதாலை அவ சொல்லுறதை இப்ப எல்லாரும் கேக்கினம். "உன்ரை பாலிலைதான் பிள்ளை ஏதோ பிழை. முதலே பாலை நிப்பாட்டிப் பால்மா குடுத்திருந்தால் ஈரல் தப்பியிருக்கும்" எண்டு வார்ட்டிலை எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறா. டொக்டர் இல்லை எண்டு சொன்னவர். ஆனால் ராவிலை பால் குடுக்கேக்கை அவ சொன்னதுதான் காதிலை கேக்குது.

பெரியம்மா, உங்களுக்கு ஞாபகமில்லை எண்டு நீங்கள் எழுதினதை நான் என்ரை வாழ்க்கையிலை முதல் தரம் பாக்கிறன். பெரியப்பா செத்த வீட்டுக்கு ஆர் ஆர் வரேல்லை எண்டு பதினாலு வரியம் கழிச்சும் உங்களுக்கு ஞாபகம். ஒவ்வொரு நாளும் படுக்க முதல் டயரியிலை ஒரு வரி எழுதுறனீங்கள். எனக்குத் தெரியும். நான் அந்த அறையிலைதான் படுத்தனான்.

இன்னொண்டு. சயந்தன், தன்ரை பிள்ளைக்கு இப்பிடி ஆகிப்போச்சே எண்ட கோவத்திலை, குடும்பநல உத்தியோகத்தர் உதயகலாவுக்கு எதிராய் மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதிப்போட்டார். வீட்டுக்கு வந்து போன மனிசி, நிறம் பாக்கேல்லை எண்டு. அவவை இப்ப வெளிவேலையிலை விடுகினமில்லையாம், விசாரணையாம். அவ எழுதின பதிவை எங்களுக்குக் காட்டினவை. ஜனவரி 29: "மலம் பார்க்கக் கிடைக்கவில்லை. சாதாரணம் என வீட்டார் கூறினர்."

எனக்கு அண்டு காய்ச்சல், நான் உள்ளுக்குப் படுத்திருந்தனான். வீட்டார் எண்டது ஆர், பெரியம்மா?

ஷரோன்

*

தெல்லிப்பழை
12 மே 2024

ஷரோனுக்கு,

என் டயரி என் சொந்த விஷயம். அதில் என்ன எழுதுகிறேன் என்று பார்ப்பதற்கு உன்னை நான் அந்த அறையில் படுக்க வைக்கவில்லை.

குறிப்பிட்ட உத்தியோகத்தர் வந்தார், போனார். குழந்தையைப் பார்ப்பது அவருடைய வேலை. பயிற்சி பெற்றவர் அவர். அரசாங்கம் சம்பளம் கொடுப்பதும் அவருக்குத்தான். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர் அதைப் பார்த்தே தீர வேண்டும். வீட்டார் என்று எழுதிவிட்டால் பொறுப்புத் தீர்ந்துவிடுமா? விசாரணை நடக்கட்டும்.

உன் மாமியாரிடம் சொல்: தாய்ப்பாலில் பிழை கண்டுபிடிக்க அவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்று நான் கேட்டதாகச் சொல்.

உனக்கு என்னிடம் பேசும் முறை மறந்து போய்விட்டது. அது திரும்பி வரும்போது எழுது.

மனோன்மணி எட்வேர்ட்

*

அளவெட்டி
22 செப்ரெம்பர் 2024

பெரியம்மா,

உங்களுக்கு நாலு மாதமாய் நான் எழுதேல்லை. நீங்களும் எழுதேல்லை.

கடைசியிலை கிருமி பிடிச்சுக் காய்ச்சல் வந்தது. வயிறு பானை மாதிரி ஊதி, நரம்பு நீலமாய்த் தெரிஞ்சது. சயந்தன் தன்ரை ஈரலிலை ஒரு துண்டு குடுக்கிறன் எண்டு எல்லாச் சோதினையும் செய்து முடிச்சவர். பொருந்தும் எண்டு சொன்னவை. பிள்ளை நிறை ஏறட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவை. ஏறேல்லை. பதினாலாம் திகதி விடிய, என்ரை மடியிலை.

அளவெட்டியிலை பிள்ளையைப் புதைக்கேக்கை நீங்கள் படலையடியிலை நிண்டதைக் கண்டனான். ஒருத்தரும் உங்களை உள்ளை வாங்கோ எண்டு கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. வெயிலுக்குள்ளை குடையும் இல்லாமல் நிண்டியள். பிறகு பாக்கேக்கை நீங்கள் இல்லை.

மாமி இப்ப பாலைப் பற்றிக் கதைக்கிறேல்லை. அவவும் அழுகிறா. ஆனால் சொன்னது சொன்னதுதான். எனக்கு இன்னும் பால் ஊறுது பெரியம்மா. நிப்பாட்ட மருந்து தந்தவை, குடிக்கிறன், ஊறுது. துணியை வைச்சுக் கட்டிக்கொண்டு இருக்கிறன். உது நஞ்சோ எண்டு கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு பாத்தன்.

நான் ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் பதில் எழுதவேணும் எண்டும் இல்லை. பிள்ளை இல்லை எண்டு என்ரை கையாலை உங்களுக்கு எழுதவேணும் போலை இருந்தது.

ஷரோன்

*

தெல்லிப்பழை
6 ஒக்ரோபர் 2024

என் மகள் ஷரோனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். அவை நாலிலும் நான் நல்லவளாக இருந்தேன்.

உன் பாலில் ஒரு பிழையும் இல்லை. இதை முதலில் எழுதுகிறேன், மிச்சத்தை நீ வாசிக்காவிட்டாலும் இது உன் கண்ணில் படவேண்டும். எப்படி எனக்குத் தெரியும் என்பதைக் கீழே எழுதுகிறேன். டயரி முன்னால் இருக்கிறது.

ஜனவரி 16. "குழந்தையின் துணியில் மஞ்சட் கறை. மூன்று தரம் தோய்த்தும் போகவில்லை. ஷரோன் அலசாமல் வாளியில் போட்டுவிட்டாள். கண்டித்தேன்." நீ அழுதாய். ஒரு துணிக்காக ஏன் பெரியம்மா என்று கேட்டாய். அன்றைக்கு உன் பிள்ளைக்குப் பித்தம் இறங்கியிருக்கிறது. உன் பாலைக் குடித்து, மற்றப் பிள்ளைகள் போல, கடுகு நிறத்தில் போயிருக்கிறாள்.

ஜனவரி 24. "துணிகள் இன்று ஒரே தோய்ச்சலில் வெளுத்தன. கறையே இல்லை."

வைத்தியர் கேட்ட கிழமை அது. பிறந்து பதினெட்டாம் நாள்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். சலத்துணிகளில் மட்டும் மஞ்சள் வளையம் விழுந்தது. நீ குடிக்கும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து உனக்கு ஒரு செம்பு கூடுதலாக வைத்தேன். எல்லாம் தலைகீழாக இருந்தது, ஷரோன். கறை விழவேண்டிய துணி வெள்ளையாகவும், வெள்ளையாக இருக்கவேண்டிய துணி கறையாகவும் என் இரண்டு கைக்குள்ளும் கிடந்தன. நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு துணி. இந்த நாட்டில் ஒரு வைத்தியருக்கும் கிடைக்காத சாட்சி எனக்கு ஒவ்வொரு காலையும் கிடைத்தது. நான் அதைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தேன்.

நான் சிறுவயதில் படித்த கன்னியர் மடத்தில் திங்கட்கிழமைகளில் எங்கள் வெள்ளைச் சட்டைகளை மதர் வாங்கி, யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். நிழல் விழுந்தால் அந்தப் பிள்ளை மதியம்வரை நிற்க வேண்டும். நான் ஒரு நாளும் நின்றதில்லை. ஆறு வருடமும் எனக்குத்தான் பரிசு. நீ வார்ட்டில் துணியை வெளிச்சத்துக்குப் பிடித்துக் கறை தேடினாய் என்று எழுதியிருந்தாயே, அதை இரண்டு தரம் வாசித்தேன். இருந்தும் அன்றைக்கு உனக்கு அந்த மே மாதக் கடிதத்தை எழுதினேன்.

ஜனவரி 26. உதயகலா வந்தாள். பிள்ளையின் கண்ணைப் பிதுக்கிப் பார்த்தாள். "அம்மா, மஞ்சள் இன்னும் இறங்கேல்லை. நான் திங்கட்கிழமை திரும்ப வாறன். பிள்ளை போன துணி ஒண்டைத் தோய்க்காமல் வையுங்கோ, நிறம் பாக்கவேணும்" என்றாள். ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. தெரியாது என்று காட்டிக்கொள்வது என் பழக்கமில்லை.

திங்கட்கிழமை, 29. நீ காய்ச்சலில் படுத்திருந்தாய். குழந்தை காலையில் இரண்டு முறை போனாள். இரண்டு துணியையும் நான் உடனே தோய்த்துவிட்டேன். வேண்டுமென்றுதான் தோய்த்தேன். வீட்டுக்கு வருகிற ஆளுக்கு அழுக்குத் துணியை எடுத்து வைத்துக் காட்டுவதா என்று எனக்கு அருவருப்பு. அவள் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, "துணி வைச்சிருக்கிறியளோ அம்மா?" என்று கேட்டாள். நான் அவளைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "உதோ கொடியிலை கிடக்குது, பார். உன்ரை மேலதிகாரியின்ரை வீட்டிலும் இந்த வெள்ளை இராது" என்றேன். "இல்லையம்மா, நான் கேட்டது..." என்றாள். "எல்லாம் ஒழுங்காய்த்தான் போகுது. நான் பாக்காததை நீ பாக்கப் போறியோ?" என்றேன்.

வீட்டார் என்றது நான்தான்.

பெப்ரவரி 12. உனக்கும் இது ஞாபகம் இருக்கும், ஆனால் நீ ஒரு கடிதத்திலும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினாயா, அல்லது நானே சொல்லட்டும் என்று விட்டாயா, தெரியாது. இரவு நீ ஒரு துணியை மாற்றிவிட்டு, "பெரியம்மா, இது என்ன சாம்பல் மாதிரி இருக்குது?" என்று கேட்டாய். கண்ணாடி போடாமலே சொன்னேன்: "சுத்தமான பால் குடிக்கிற பிள்ளைக்கு இப்பிடித்தான் இருக்கும்." நீ நம்பினாய். நீ கேட்டாய், ஷரோன். தாய்க்குத் தெரியவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. தாய் கண்டாள், தாய் கேட்டாள். பிழையான ஆளிடம் கேட்டாள்.

இந்த வீட்டில் நான் பேசிய பேச்சைக் கேட்டவர்கள், நான் பத்துப் பிள்ளை பெற்று வளர்த்தவள் என்று நினைத்திருப்பார்கள். உன் பெரியப்பாவுக்கும் எனக்கும் பிள்ளை இல்லை. உன்னையும் உன் அம்மா வளர்த்து ஆளாக்கிய பிறகுதான் நான் கையில் எடுத்தேன். ஒரு கைக்குழந்தையின் துணியைத் தோய்த்தது எனக்கு இதுதான் முதல் தரம். சரியான நிறம் எது என்று எனக்கும் தெரியாது. கன்று வளர்த்த உன் மாமியாருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்ற சொல் என் வாயில் வரவில்லை, அவ்வளவுதான். "ஞாபகமில்லை" என்ற சொல் அதைவிடச் சுலபமாக வந்தது.

வெள்ளிக்கிழமை பஸ் எடுத்துப் போய், விசாரணை நடக்கும் இடத்தில் இதை எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். டயரியின் அந்தப் பக்கங்களையும் படம் பிடித்துக்கொண்டார்கள். எழுதிக் கொடுத்ததன் பிரதி இத்துடன் இருக்கிறது. சயந்தனுக்குக் காட்டு. உன் மாமியாருக்கும் வாசித்துக் காட்டு.

வெளியில் வரும்போது உதயகலா வாங்கில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்து போயிருந்தாள். நான் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "நீங்கள் காட்டாட்டியும் நான் நிண்டு பாத்திருக்கவேணும் அம்மா. இன்னொரு துணி வரும்வரைக்கும் இருந்திருக்கலாம். எனக்கு உங்களைப் பயம்" என்றாள். பிறகு, "பிள்ளைக்கு நல்ல கண் மயிர்" என்றாள். இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம். அடுத்த பஸ்ஸும் போய்விட்டது.

படலையடியில் நான் நின்றது உள்ளே கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தல்ல. கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. இருபத்துநான்கு துணிகளும் நீ படுத்த அறை அலுமாரியில் மடித்தபடி இருக்கின்றன என்றே நினைத்திருந்தேன். நேற்று அவற்றை எடுத்து எண்ணினேன். இருபத்துமூன்றுதான் இருந்தன. தேடினேன். மற்றது சமையலறையில் விளக்குத் துடைக்கும் துணிகளுக்கு அடியில் கிடந்தது. கறை போகவில்லை என்ற வெட்கத்தில், வருகிறவர்களின் கண்ணில் படாமல் நானே ஜனவரியில் அங்கே செருகியிருக்கிறேன். பதினாறாம் திகதித் துணி. நடுவில் ஒரு உள்ளங்கை அளவுக்கு மஞ்சள், ஓரம் கொஞ்சம் மங்கிப் போயிருக்கிறது. அவள் சுகமாக இருந்த நாளின் அடையாளம் இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

நான் அதை மறுபடி தோய்க்கவில்லை. வெயிலிலும் போடவில்லை. கடதாசியில் சுற்றி, என் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஆனால் அது என்னுடையது அல்ல.

அதை உனக்கு அனுப்பவா, அல்லது இங்கேயே இருக்கட்டுமா? மற்ற இருபத்துமூன்றையும் என்ன செய்ய? நீ சொல்கிறபடி செய்வேன். மன்னித்தேன் என்று எழுதும்படி நான் கேட்கவில்லை. அதை எழுதினால் நான் நம்பவும் மாட்டேன். துணியைப் பற்றி மட்டும் எழுது. வாட்ஸ்அப்பில் வேண்டாம், ஒருவரிடமும் சொல்லியனுப்பவும் வேண்டாம். நீ பேசுகிற மாதிரியே, உன் கையால், ஒரு தாளில் எழுதி எனக்குப் பதில் போடு.

பெரியம்மா